கழற்றிப் பூட்டும் கருவிகள்

போட்டோகொப்பி மெஷினைக் கழற்ற யாராலும் முடியும். ஒரு ஸ்குரூ ட்ரைவரும் கொஞ்சம் கோபமும் இருந்தால் போதும். கந்தோர்ப் பையன்கள் கழற்றி, மேசை நிறையப் பரப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்ட இடங்கள் புறக்கோட்டையிலும் புதுக்கடையிலும் நிறைய உண்டு. கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதுதான் தொழில். ஒரு ஆணி மிஞ்சக் கூடாது, ஒரு மூடி ஆடக் கூடாது, நாளைக்கு இதே இடத்தைத் திறக்கப் போகிறவனுக்கு வழி கெட்டிருக்கக் கூடாது. அதனால் கருவி வாங்கப் போனால் 'இது கழற்றுமா' என்று நான் கேட்பதில்லை. கழற்றாத கருவி எது? பூட்டும்போது கைக்கு அடங்குமா, ஆணியின் தலையைத் தின்னாமல் விடுமா என்றுதான் பார்ப்பேன். என் துணிச் சுருளுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தது.

வீடு முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்குக் கிட்ட. முன் அறையே பட்டறை. இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் வேலை இருக்கும். துறைமுகத்தை நம்பி நடக்கும் கிளியரிங் கந்தோர்கள், புறக்கோட்டை மொத்தக் கடைகள், புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள சட்டத்தரணிகளின் அறைகள், கொட்டாஞ்சேனை டியூட்டரிகள், வெள்ளவத்தைக் கொமியூனிகேஷன்கள். மொத்தக் கடையில் கார்பன் பில் அடிக்கும் எப்சன் டொட் மெட்ரிக்ஸ். டியூட்டரியில் பரீட்சைக் காலத்தில் டியூட் அடித்துத் தள்ளும் ரிசோ. கொமியூனிகேஷனில் காலை தொடங்கி இரவு வரை ஓயாத போட்டோகொப்பி. சட்டத்தரணியின் அறையிலோ லேசர் பிரின்டருக்குப் பக்கத்தில் உறை போட்டு மூடிய டைப்ரைட்டர் ஒன்றும் இருக்கும். அதை எறிய யாருக்கும் மனம் வராது.

இத்தனை வகை மெஷினுக்கும் நான் தூக்கிக்கொண்டு போகும் கருவிகள் ஒரு முழங்கை நீளத் துணிக்குள் அடங்கும். பெரிய இரும்புப் பெட்டியோடு வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டி பெரிதானால் அதற்குள் பொருந்தாத சாமானும் சேர்ந்துவிடும், அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் நம்பர் டூ ஸ்டார் ஸ்குரூ ட்ரைவர். கடையில் அதைக் கேட்டால் மலிவு விலைக்கும் ஒன்று தருவார்கள், அதைப் போலப் பல மடங்கு விலைக்கும் ஒன்று தருவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் நுனியில் இருக்கிறது. ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1930களில் காப்புரிமை பெற்ற கூட்டல் குறி வாய், 1936இல் ஜெனரல் மோட்டர்ஸ் அதைக் கெடிலாக் கார்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஜப்பான்காரர் தங்கள் தரநிலையில், அதாவது ஜே.ஐ.எஸ். அளவில், அந்தக் கூட்டல் குறியைக் கொஞ்சம் வேறு மாதிரி வெட்டினார்கள். இங்கே ஓடும் கெனன், ரிக்கோ, ஷார்ப், தொஷிபா எல்லாம் ஜப்பான் வரைபடத்தில் பிறந்தவை. அவற்றின் ஆணிக்குள் பிலிப்ஸ் நுனியை வைத்தால் நுனி அடியில் போய் முட்டிக்கொள்ளும், பக்கத்து இறக்கைகள் பள்ளத்தின் சுவரில் முழுதாக உட்காரா. அமத்தித் திருப்பினால் நுனி மேலே ஏறி வழுகும். இரண்டு முறை வழுகினால் ஆணியின் தலை வட்டக் குழியாகிவிடும். பிறகு அந்த ஆணியை எடுக்கத் துளைபோட வேண்டும். துளைபோட்ட இரும்புத் தூள் மெஷினுக்குள் விழும். ஒரு மலிவு ட்ரைவர் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும்.

சரியான நுனியைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை. ஆணியை ட்ரைவரின் நுனியில் செருகி, ட்ரைவரைக் கிடையாகப் பிடியுங்கள். காந்தம் ஏற்றாத ட்ரைவராக இருக்க வேண்டும். ஆணி விழாமல், தலை தொங்காமல் நின்றால் பொருத்தம். ஆடி விழுந்தால் வேறு எடுங்கள். ஜப்பான் ஆணிகள் பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். அதைக் கண்டால் பிலிப்ஸைத் தூர வையுங்கள்.

நம்பர் டூ என்னிடம் இரட்டை. ஒன்றின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன், அது காந்தம் ஏற்றியது. மற்றது வெறும் இரும்பு. கைவிரல் போகாத பள்ளத்துக்குள் ஆணியை இறக்கிப் பூட்டுவதற்கு காந்தம் ஏற்றியது இல்லாமல் முடியாது. ஆனால் டெவலப்பர் இருக்கும் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. போட்டோகொப்பியின் டெவலப்பரில் டோனரைச் சுமந்து திரியும் இரும்புச் சத்துள்ள தூள் இருக்கிறது. சில லேசர் பிரின்டர்களில் டோனரே காந்தத்துக்கு ஒட்டும். சிவப்பு டேப் ட்ரைவரைத் தவறி அங்கே நுழைத்தால் நுனியில் தாடி முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வரும், அதோடு அடுத்த ஆணியைத் தொட்டால் தூள் பள்ளத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். டேப் சுற்றிய பிறகு இந்தக் கரைச்சல் இல்லை. கை நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறது.

அதே நம்பர் டூவில் ஒரு கட்டையும் ஒரு நெட்டையும் உண்டு. கட்டை, மெஷினை மேசையிலிருந்து இறக்காமல் அடிப் பக்க ஆணியைத் தொட. நெட்டைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஓடும் மோட்டாரின் உடம்பில் நுனியை வைத்து, பிடியைக் காதின் எலும்பில் ஒட்டிக் கேட்டால் எந்தப் பெயரிங் அழுகிறது என்று தெரிந்துவிடும். பழைய கார் மெக்கானிக்குகள் செய்வதுதான். நான் பார்த்த இளம் தொழிலாளர் பலருக்கு இது தெரியவில்லை. மெஷின் தன் திரையில் இலக்கம் காட்டினால்தான் நோய் என்று நினைக்கிறார்கள். இலக்கம் வருவது கடைசியில். சத்தம் அதற்கு வெகு முன்னமே வந்திருக்கும்.

இனி, பூட்டும் கலைக்கு வருகிறேன். இன்றைய மெஷின்களில் பாதி ஆணி பிளாஸ்டிக்குக்குள்தான் இறங்குகிறது. அந்த ஆணி தானே புரி வெட்டிக்கொண்டு போகும் வகை. கம்பனியில் முதல் தடவை இறங்கியபோது வெட்டிய புரி உள்ளே இருக்கிறது. திரும்பப் பூட்டுகிறவன் நேராக வைத்துத் திருப்பினால் ஆணி பழைய தடத்தைத் தேடாமல் புதிதாக ஒன்று வெட்டும். இரண்டு மூன்று முறை இப்படி வெட்டினால் அந்தத் துவாரத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஆணியை வைத்து முதலில் இடப்பக்கம் திருப்ப வேண்டும், கழற்றுகிற மாதிரி. மெல்லத் திருப்பிக்கொண்டு போனால் ஓர் இடத்தில் ஆணி 'டக்' என்று கீழே இறங்கும். விரலுக்குத் தெரியும். பழைய புரியின் வாய் அதுதான். அதிலிருந்து வலப்பக்கம் திருப்பினால் இரண்டு விரல் பலத்திலேயே ஆணி இறங்கிப் போய் உட்காரும். கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் உள்ளங்கை.

இதனால்தான் பற்றரி ட்ரைவரை நான் பூட்டுவதற்குத் தொடுவதில்லை. கழற்றுவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், நேரம் மிச்சம். பூட்டும்போது அது அந்த 'டக்' சத்தத்தைக் கேட்காது. 'இறுகிவிட்டது' என்று அது சொல்லும் நேரத்தில் பிளாஸ்டிக் வெடித்திருக்கும். இதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது.

கழற்றிய ஆணிகளுக்கு யோகட் கோப்பைகள். கழுவிக் காயவைத்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி எடுத்துப் போவேன். மூடிக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று, சூடாகும் பகுதிக்கு ஒன்று. வீணாய்ப்போன ஒரு கொப்பியின் பின் பக்கத்தில் மெஷினைக் கோடாகக் கீறி, நீளமான ஆணி வந்த இடத்தில் புள்ளி வைப்பேன். எட்டு மில்லிமீற்றர் ஆணி இருந்த இடத்தில் பன்னிரண்டைப் பூட்டினால் அதன் நுனி மறு பக்கத்துப் போர்டையோ வயரையோ குத்தலாம். மெஷின் அன்றைக்கு வேலை செய்யும். ஒரு மாதம் கழித்துத்தான் காரணம் தெரியாமல் நிற்கும்.

எனக்குத் தொழில் பழக்கியவர் கொட்டாஞ்சேனைக்காரர். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்கிற மாதிரி அவரை எல்லோரும் டைப்ரைட்டர் பாஸ் என்பார்கள். ரெமிங்டன், ஒலிவெட்டி, ரோணியோ, ஜெஸ்டெட்னர் என்று இரும்பிலேயே கை பழகியவர். 1970இலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் வெளியிலிருந்து கருவி வருவது அருமை. அப்போது அவர் தேவையானதைத் தானே செய்துகொண்டார். அவர் சொல்லித் தந்ததில் எனக்கு இன்றும் சோறு போடுவது சைக்கிள் கம்பியில் செய்யும் ஸ்பிரிங் கொக்கி.

டைப்ரைட்டரில் ஒவ்வோர் எழுத்துத் தண்டுக்கும் ஒரு ஸ்பிரிங் இருக்கும், ஆக நாற்பதுக்கு மேல். போட்டோகொப்பிக்குள் பேப்பரைச் சுரண்டி விலக்கும் நகங்களுக்கு ஒவ்வொரு ஸ்பிரிங், கிளச்சுக்கு ஒன்று, டோனர் மூடிக்கு ஒன்று. குறடால் ஸ்பிரிங்கை இழுத்தால் சுருள் நெளியும். நெளிந்தால் இழுவை மாறும். இழுவை மாறினால் பேப்பர் சரிந்து போகும். இழுத்துக் கழற்றக் கூடக் குறடு போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டக் கொக்கி இல்லாமல் நடக்காது. ஒரு முனை இழுக்கும், மறு முனை தள்ளும்.

செய்வது இப்படி. சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று எடுக்க வேண்டும், பழையதே நல்லது, ஆனால் வளைந்து நிமிர்ந்ததாக இருக்கக் கூடாது. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. சில்லுப் பக்கத்துப் புரியை வெட்டி எறிந்துவிட்டு ஒரு சாண் நீளம் வைத்துக்கொள்ளலாம். ஒரு நுனியை ஊசி அரத்தால் சுற்றிவரத் தேய்த்து மெலிதாக்கி, உருண்டை வாய்க் குறட்டில் பிடித்து வளைக்க வேண்டும். நெருப்பில் காட்டக் கூடாது. காட்டினால் இலகுவாக வளையும், ஆனால் கம்பியின் முறுக்குப் போய்விடும். முதல் ஸ்பிரிங்கிலேயே கொக்கி நிமிர்ந்துவிடும். குளிர்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். மறு நுனியைத் தட்டையாக்கி, நடுவில் அரத்தின் விளிம்பால் ஒரு 'வி' வெட்டு. ஸ்பிரிங்கின் காது அந்த வெட்டுக்குள் உட்காரும், தள்ளி மாட்டலாம். கடைசியில் இரண்டு நுனியையும் மெல்லிய எமரிப் பேப்பரால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். பிசிறு இருந்தால் டிரமில், அதாவது கொப்பியின் உருவத்தை ஏந்தும் உருளையில், கோடு விழும். அந்தக் கோடு ஒவ்வொரு கொப்பியிலும் வரும். கொம்பனிக் கொக்கி ஒன்றும் என்னிடம் இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும் வேண்டிய கோணத்தில் வளைத்துக்கொள்ள முடிவது கம்பியைத்தான்.

தட்டை வாய் ட்ரைவரும் இப்படித் தீட்டித்தான் பாவிக்க வேண்டும். கடையில் வருவது ஆப்பு மாதிரி நுனியில் மெலிந்து மேலே தடித்திருக்கும். டைப்ரைட்டர் ஆணியின் கீற்றில் அதை வைத்துத் திருப்பினால் கீற்றின் மேல் விளிம்பில் மட்டும் அழுத்தி, மேலே ஏறி வந்துவிடும். நுனிக்கு மேலே கொஞ்சத் தூரம் இரண்டு முகமும் சமாந்தரமாகும்வரை எண்ணெய்க் கல்லில் தேய்த்தால் கீற்று முழுக்க நிரம்பி உட்காரும். எழுபது வருஷப் பழைய ரெமிங்டனைப் பார்த்தால் அதை யார் யார் திறந்தார்கள் என்று ஆணித் தலைகளே சொல்லும். விளிம்பு கிழியாத ஆணி ஒன்றைக் கண்டால் அந்த முகம் தெரியாத மனிதனுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைப்பேன்.

சாமணம் வாங்க நான் கம்பியூட்டர்க் கடைக்குப் போவதில்லை, செட்டியார் தெருவுக்குத்தான் போவேன். நகை வேலை செய்கிறவர்களுக்கு விற்கும் சாமணமும் ஊசி அரமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எங்கள் வேலைக்கு அப்படியே பொருந்தும். இரண்டு நுனியும் தலைமயிரைப் பிடிக்கும் அளவுக்குச் சேருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். எப்சன் எல்.கியூ. வகைத் தலையில் இருபத்து நான்கு ஊசி, எல்.எக்ஸ். வகையில் ஒன்பது. ரிபன் நைந்து நூல் கிளம்பினால் ஒரு இழை போய் ஊசிகளின் வாயில் சிக்கும். அந்த இழையை எடுக்க நகைக்காரரின் சாமணத்தைவிட நல்ல சாமான் எனக்குக் கிடைக்கவில்லை. பேப்பர் சிக்கிக் கிழிந்த துண்டு, மேலே வைத்த கட்டோடு உள்ளே போன ஸ்டேப்ளர் கம்பி, இவற்றுக்கும் அதுவே. கூடவே பல் வைத்தியர் பாவிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றும் ஒரு பேனா டோர்ச்சும்.

ஈ-கிளிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தொழிற்காரர் யாரும் மன்னிக்க மாட்டார்கள். தண்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன இரும்பு வளையத்தை நெம்பினால் அது பறக்கும். எங்கே போனது என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு கை பெருவிரலை வளையத்தின் முதுகில் அமத்திக்கொண்டு மறு கையால் நெம்ப வேண்டும், மேலே ஒரு துணி போட்டால் இன்னும் பாதுகாப்பு. மாட்டும்போது நுனிக் குறடால் நேராகத் தள்ள வேண்டும், சரித்தால் வளையம் விரியும். விரிந்த வளையத்தை நசுக்கித் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கை எனக்குப் பிடிக்காது. ஒவ்வோர் அளவிலும் புதிதாகச் சில வளையங்களை ஒரு மருந்துப் போத்தலில் வைத்திருங்கள்.

கருவி என்றால் இரும்பு என்று நினைப்பது பிழை. சூடாகும் பகுதியான பியூசரின் உருளையில் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டிவிட்டால் அதை இரும்பால் தொடவே கூடாது. மேல் பூச்சுப் போய்விடும். பிளக்கைக் கழற்றி நன்றாக ஆறவிட்டு, மூங்கில் குச்சியின் நுனியைச் சீவித் தட்டையாக்கிச் சுரண்ட வேண்டும். வேலை செய்யும் நேரத்தில் அந்த உருளை ஏறக்குறைய 180 பாகை சூட்டில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. டிரமை எடுத்து வெளியே வைக்க ஒரு கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டுக் கிடந்தால் அது களைத்துப்போய் கொப்பியில் கறை காட்டும். பேப்பர் இழுக்கும் றப்பர் உருளைக்கு நூல் உதிராத துணியும் கொஞ்சம் தண்ணீரும். ஸ்பிரிட் போட்டால் உடனே நன்றாக இழுக்கும், சில நாளில் றப்பர் காய்ந்து வழுக்கும்.

இந்தத் தொழிலே ஒரு துணியில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1938 ஒக்டோபர் 22ஆம் திகதி நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் உலர் கொப்பிக்கு, கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்துத்தான் மின்னேற்றினார்கள். மேலே தூவியது லைகோபோடியம் என்ற செடித்தூள். அதிலிருந்து ஸெரொக்ஸ் 914 என்ற மெஷின் சந்தைக்கு வர 1959 ஆனது. இன்று டிரமை மின்னேற்றக் கைக்குட்டை வேண்டாம், ஆனாலும் துணி பிடிக்கத் தெரியாதவன் கையில் டிரமைக் கொடுக்க மாட்டேன்.

டோனருக்கு மெல்லிய மயிர்ப் பிரஷ்ஷும் டோனர் வெக்யூமும். வீட்டு வெக்யூம் கிளீனரைக் கொண்டு வந்து இழுக்கச் சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். டோனர் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் சின்னத் தூள். வீட்டு வெக்யூமின் பையால் அதைப் பிடித்து வைக்க முடியாது. ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் கந்தோர் முழுக்க ஊதிவிடும். அதற்கென்று மெல்லிய வடிகட்டி போட்ட மெஷின் விலை கூடத்தான், ஆனால் சுவாசப்பை நம்முடையது. கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடு தண்ணீர் வேண்டாம். டோனர் சூட்டில் இளகி ஒட்டுவதற்கென்றே செய்த தூள்.

மீற்றரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுவரில் 230 வோல்ட் வருகிறதா, பவர் போர்டிலிருந்து மோட்டாருக்கு 24, மூளைக்கு 5 வருகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் பாதி நோய் பிடிபடும். முள் ஆடும் பழைய சன்வா ஒன்று வைத்திருக்கிறேன். வந்து வந்து போகும் மின்சாரத்தை இலக்க மீற்றரைவிட முள் தெளிவாகக் காட்டும்.

இந்தத் துணிச் சுருளுக்கு ஒரு கதை உண்டு. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு, வயரும் போர்டும் குறடும் நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு நடமாடுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கோட்டைப் பக்கம் வேலைக்குப் போவதென்றால் ஒவ்வொரு சாவடியிலும் பையைக் கொட்ட வேண்டும். கொட்டினால் சின்னச் சாமான் தெருவில் உருளும், சோதிப்பவருக்கும் பொறுமை போகும். பெட்டியை விட்டுவிட்டு, கன்வஸ் துணியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பை தைத்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டது அப்போதுதான். நாடாவை அவிழ்த்து விரித்தால் ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். "மல்லி, மொனவாத மே?" (தம்பி, என்ன இதெல்லாம்?) என்று சிங்களத்தில் கேட்டால் கொக்கியை எடுத்துக் காட்டி விளக்குவேன். அந்தக் காலம் போய்விட்டது, சுருள் நின்றுவிட்டது. வேலை முடிந்து விரித்துப் பார்க்கும்போது எந்தப் பை வெறுமையோ அந்தக் கருவி மெஷினுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். மூடி பூட்டுவதற்கு முதல் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

கடற்கரை ஓரத்தில் கருவி வைத்திருப்பதில் ஒரு தனித் தொல்லை கறள். முகத்துவாரத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் குறட்டின் மூட்டு இறுகும், அரத்தின் பல் சிவக்கும். இரவில் எல்லாவற்றையும் தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு இழுவை இழுத்துவிட்டுத்தான் படுப்பேன். லாச்சிக்குள் சோக்குக் கட்டிகளும் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும். ஆனால் காலையில் வேலைக்குப் புறப்பட முதல் அந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்க் கை டிரமில் பட்டாலும் றப்பரில் பட்டாலும் கெடுதி. ஈரம் பேப்பருக்கும் ஆகாது. மழைக்காலத்தில் 'பேப்பர் சிக்குது அண்ணே' என்று வரும் அழைப்புகளில் பலவற்றுக்கு மருந்து, பிரித்த கட்டைப் பொலித்தீனில் சுற்றி வைப்பதுதான். அதற்குக் கருவி வேண்டாம், கூலியும் வாங்குவதில்லை.

2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது இந்தத் தொழிலுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. அந்த மார்ச் மாதத்தில் பேப்பரும் மையும் இல்லை என்று மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். புதிய மெஷின் வாங்குவது கனவு, உதிரிப்பாகம் வருமா என்பதே சந்தேகம். வேறு வழியில்லாமல் பழையதைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினோம். தேய்ந்த றப்பரைக் கழற்றி உள் பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவது, செத்த இரண்டு மெஷினிலிருந்து உயிரோடு ஒன்றை எழுப்புவது, இதெல்லாம் பாஸின் காலத்து வித்தை. முன்பு ஆணித் தலையைக் கெடுக்காமல் கழற்றி வைத்திருந்த மெஷின்கள்தான் அப்போது உதிரிப்பாகம் தந்தன. கெடுத்தவை இரும்புக் கடைக்குப் போயின.

ஒரு வேலைக்கு மட்டும் இன்று கருவி தேடினாலும் கிடைப்பதில்லை. தமிழ் டைப்ரைட்டரில் புள்ளிக்கும் விசிறிக்கும் உரிய விசைகள் பேப்பர் வண்டியை நகர்த்தக் கூடாது. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடித்தால்தான் 'க்' வரும். யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தன் விசைப்பலகையில் வைத்த நகரா விசை இது. பல மெஷின்களில் அந்தத் தண்டின் அடிப் பாகத்தைக் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள், வண்டியை விடுவிக்கும் கம்பியில் அது முட்டாதிருக்க. தண்டு நெளிந்தால் முட்டும். முட்டினால் புள்ளி ஓரிடத்திலும் எழுத்து அடுத்த இடத்திலும் விழும். அந்த நெளிவை எடுக்க மூன்று விரல் போல வாய் உள்ள ஒரு குறடு வேண்டும். இரண்டு விரல் ஒரு பக்கம் தாங்க, நடு விரல் மறு பக்கத்திலிருந்து அழுத்தும். மயிரிழை அளவுக்கு வளைக்கலாம். சாதாரணக் குறட்டால் செய்தால் தண்டு ஒடியும். என்னிடம் இருப்பது பாஸ் தந்தது. புறக்கோட்டை முழுக்கத் தேடினாலும் இரண்டாவது ஒன்று புதிதாக வாங்க முடியாது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் டைப்ரைட்டரும் ரோணியோவும் திருத்திய அப்பாக்கள், சித்தப்பாக்கள், தாத்தாக்கள் பலர் போய்விட்டார்கள். அவர்களுடைய தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழே கறள் பிடித்துக் கிடக்கும். வீடு துப்புரவாக்கும் நாளில் அதைப் பழைய இரும்பு வாங்குகிறவருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். என்னவென்று தெரியாத வளைந்த குறடு, இரண்டு பக்கமும் வெட்டிய கம்பி, நுனி தேய்த்த ட்ரைவர், எதையும் எறியாதீர்கள். பக்கத்தில் மெஷின் திருத்தப் பழகும் பிள்ளை ஒருவன் இருந்தால் கூப்பிட்டுக் கொடுங்கள். ஒருவரும் இல்லையென்றால் கொஞ்சம் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வையுங்கள்.